பத்திரிகையில் ஒரு வரி

கடலூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. சேர்ந்த முதல் வாரமே நானும் மச்சானும் ஒரு வாடிக்கையாளரின் புரோகிராமைக் குட்டிச்சுவராக்கினோம். "ஒரே ஃபைல ஆளுக்கொரு பிராஞ்சுல, அதான் தனித்தனி காப்பில, மாத்தி, அப்புறம் ரெண்டையும் ஒண்ணா மெர்ஜ் பண்ணிப் பழகுங்க. அதுவரைக்கும் நெஜ புரோகிராம்ல கை வெச்சீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்றார் மேனேஜர்.

மச்சான் என்றால் சும்மா பேச்சுக்கு மச்சான் இல்லை. என் அக்காவைக் கட்டப்போகும் மாப்பிள்ளையின் தம்பி. சிதம்பரத்திலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் வருவோம். பழகுவதற்கு வேறு ஃபைல் எதற்கு என்று நிக்காஹ் பத்திரிகையையே எடுத்துக்கொண்டோம். அச்சுக்குப் போக இன்னும் இரண்டு நாள் இருந்தது. பெண் வீட்டு பிராஞ்ச் எனக்கு, மாப்பிள்ளை வீட்டு பிராஞ்ச் அவனுக்கு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டையும் மெர்ஜ் செய்தோம். கான்ஃப்ளிக்ட் என்று திரை கத்தியது. இருவரும் ஒரே வரியில் கை வைத்திருந்தோம். யாருடையதை வைத்துக்கொள்வது என்று கேட்டது. அடுத்தவன் என்ன எழுதியிருக்கிறான் என்று முதலில் படி, இதுதான் மேனேஜர் தலைதலையாய் அடித்துக்கொண்ட பாடம். நான் பெண் வீட்டுக்காரன். நிச்சயமான நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிய கடுப்பு வேறு. படிக்காமலே என் பக்கத்தை ஏற்கும் பொத்தானைத் தட்டினேன்.

"முடிஞ்சிச்சு மச்சான்!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அவன் பத்திரிகையைப் படமெடுத்து, சவூதியில் வேலை பார்க்கும் மாமாவுக்கு, அவனையும் மாப்பிள்ளையையும் பெற்ற அத்தாவுக்கு, அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் வீடியோ கால். மாமா ஹெல்மெட்டோடு வேலையிடத்தில் நின்றார்.

"அன்புடன் அழைக்கிறவங்க எல்லார் பேரும் இருக்குப்பா. என் பேரு எங்க?"

மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. வராதவர் எப்படி அழைப்பார் என்று அந்த வரியை அழித்தது நான்தான். மச்சானோ அதே வரியில், அவர் பெயரோடு 'வெளிநாட்டிலிருந்து துஆவுடன்' என்று அவர் பிரார்த்தனையையும் சேர்த்திருந்தான்.

"வரலன்னா பேரும் இல்லயாடா?" என்னைப் பார்க்காமல் கேட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது.

நல்லவேளை, இந்தச் சனியன் பிடித்த சாஃப்ட்வேரில் பழையது எதுவும் அழிவதில்லை. தேடி எடுத்து, மாமாவின் வரியைப் பட்டியலில் முதலாவதாக வைத்து அனுப்பினேன். எங்க அத்தா இரண்டாவதுக்கு இறங்கினார். வீட்டில் எனக்கு விழப்போகும் திட்டு தனி.

மாமா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"கார்டு அடிச்சதும் எனக்குக் கொஞ்சம் அனுப்புங்கப்பா. ரூம்ல இருக்கிறவங்களுக்கு வெக்கணும்ல."

அந்த ரூமிலிருந்து ஒருத்தராலும் வர முடியாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"எத்தன மாமா?" என்றேன்.

"பன்னெண்டு பேரு" என்றார்.