சுமைதாங்கி நின்ற வளைவு

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நான் நம்பியவள் இல்லை. கயத்தாறில் நான் பிறந்த தெரு முச்சந்தியில் திருஷ்டி கழித்து உடைத்துப்போட்ட தேங்காயைக் கண்டால் எல்லோரும் விலகி நடப்பார்கள், நான் பொறுக்கி வந்து கழுவித் துவையல் அரைத்திருக்கிறேன், ருசியில் ஒரு குறையும் இல்லை. அதனால் இதைச் சொல்லும்போது என்னைத் தெரிந்தவர்களே சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கலாம், முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இது இருட்டில் நடந்ததே இல்லை. பங்குனி வெயில், உச்சிப்பொழுது, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மறைப்பும் இல்லாத கரிசல் காடு.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. மழை தொடர்ந்து ஏமாற்றிக்கொண்டிருந்தது. வாழ்க்கைப்பட்ட கோவில்பட்டியில் நான் போய்க்கொண்டிருந்த தீப்பெட்டி ஆபீஸில் வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியதும், சாலை வேலைக்குச் சித்தாளாகப் போனேன். கோவில்பட்டியில் கிளம்பி கழுகுமலை, சங்கரன்கோவில், தென்காசி, செங்கோட்டை என்று போய் மலையேறிக் கேரளாவில் இறங்குகிற சாலை அது. தீப்பெட்டிப் பண்டலும் வைக்கோலும் அடிமாடும் மேற்கே போகும், மரத்தடியும் ரப்பரும் கிழக்கே வரும். என் வீட்டுக்காரரும் அந்தச் சாலையில்தான் புனலூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை வருவார்.

கழுகுமலைக்கு முன்னால் ஓர் இடத்தில் அந்தச் சாலை காரணமே இல்லாமல் வளையும். மலை நேர் எதிரே தெரியும், இடையில் கண்மாய் இல்லை, பாறை இல்லை, ஊர் இல்லை. ஆனாலும் தெற்கே பிதுங்கிக்கொண்டு போய், கொஞ்ச தூரத்தில் மறுபடி பழைய நேர்கோட்டுக்கே திரும்பும். எத்தனையோ லாரிகள் அங்கே கவிழ்ந்திருக்கின்றன. அந்த வளைவை நிமிர்த்துவதுதான் எங்கள் வேலை.

வளைவு ஏன் வந்தது என்று பேச்சியம்மாள் சொன்னாள். அவளும் என்னைப் போலச் சித்தாள்தான், பக்கத்து ஊர்க்காரி. வளைவின் நடுவே ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு பலகைக் கல் கிடத்தி, நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவளுக்காக நட்டுவைப்பது. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி இளைப்பாறினால், செத்தவள் சுமக்கிற சுமையும் இறங்கும் என்பது நம்பிக்கை.

"மொதல்ல ரோடே கிடையாதுட்டி. சுமைகாரங்க கல்லத் தேடிப் போய்ப் போய் ஒத்தயடிப் பாத வளஞ்சிச்சு. அது பெறத்தால பருத்தி வண்டி போச்சு. வெள்ளக்காரன் கப்பி போட்டான், பெறகு தார் போட்டாவ. எல்லாரும் அதே தடத்துலதான் போட்டாவ. ரோட்டுக்குக் கல்லு வரல, கல்லுக்குத்தான் ரோடு வந்திருக்கு" என்றாள்.

நான் அதைக் கேட்டு, "செத்தவளுக்காக லாரிக்காரன் ஏன்ட்டி சாகணும்?" என்றேன். என் வாய் அப்படி.

கல்லை எடுக்கிற அன்று ஊர்க்காரர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். "ஏலே, கல்லத் தொட்டா கை இருக்காது" என்று ஒருவர் அரிவாளோடு நின்றார். போலீஸ் ஜீப் வந்தது. ஒரு பொம்பளை கரிசல் மண்ணை வாரி எங்கள் எல்லோர் மேலும் தூற்றிவிட்டுப் போனாள். என் வாயிலும் விழுந்தது, துப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். மேஸ்திரி பவுன்ராஜ் இயந்திரத்தை விட்டுக் கல்லைப் பெயர்த்தார். நட்டிருந்த இரண்டையும் ஓடையில் உருட்டினார். பலகைக் கல்லை வீணாக்க மனமில்லாமல், பாலத்துக்குத் தோண்டிய பள்ளத்தின் குறுக்கே, நாங்கள் ஜல்லிச் சட்டியோடு நடந்துபோக வசதியாகப் போட்டுவிட்டார்.

மற்றவர்கள் ஒருத்திகூட அதில் கால் வைக்கவில்லை. பள்ளத்தில் இறங்கி, சுற்றி ஏறிப் போனார்கள். நான் ஒருத்திதான் கல்லில் நடந்தேன். அதற்குக் காரணம் துணிச்சல் மட்டும் இல்லை. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். அது வேலை இடத்தில் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் மேஸ்திரி வேலையைவிட்டு நிறுத்திவிடுவார். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு வயிற்றை மறைத்திருந்தேன். முன்னால் இரண்டு தடவை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோயிருந்தது. மாமியார் சொல்லியே விட்டாள்: "இதும் தங்கலன்னா நீ கயத்தாறுக்குப் பொட்டியக் கட்டிரு. எம் மவனுக்கு வேற எடம் நான் பாத்துக்கிடுதேன்." வாழ்வோ சாவோ அந்த ஒரு பிள்ளையில்தான் இருந்தது. பள்ளத்தில் ஏறி இறங்கி அதையும் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. செத்தவள் வந்து என் பிள்ளையைக் காப்பாற்றப் போகிறாளா என்ன?

மூன்றாம் நாள் உச்சிப்பொழுது. எல்லோரும் கஞ்சி குடிக்க உடைமர நிழலுக்குப் போய்விட்டார்கள். என் தலையில் நிரப்பிய சட்டி இருந்தது, கொட்டிவிட்டுப் போகலாம் என்று கல்லில் ஏறினேன். எதிர்ப்பக்கம் ஒருத்தி நின்றாள். தலையில் பருத்திமார்க் கட்டு, காய்ந்த பருத்திச் செடியைப் பிடுங்கி விறகுக்குக் கட்டுவோமே, அதுதான். பெரிய கட்டு. மார் முகத்தை மறைத்து நெஞ்சுவரை தொங்கியது. கால் இருந்ததா என்று எல்லோரும் முதலில் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன், இருந்தது. வெடித்த குதிகால், விரலில் மெட்டி.

"ஏட்டி, ஒரு கை குடு. எறக்கணும்" என்றாள்.

எங்கள் பக்கம் தலைச்சுமைக்காரி கை கேட்டால் பகையாளிகூட மறுக்கமாட்டாள். ஒற்றை ஆளாகப் பெருஞ்சுமையை இறக்க முடியாது, கழுத்து முறிந்துவிடும். எனக்கும் அது தெரியும். ஆனால் என் வயிற்றுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம், பசி, வெயில், எல்லாம் சேர்ந்து கோபமாக வந்தது.

"எந் தலயில இருக்கது கண்ணுக்குத் தெரியலயா? அங்கன ஆளு இருக்கு, போய்க் கேளு."

"ரொம்ப நேரமா நிக்கேன்."

"நின்னா நில்லு. நானா ஒன்னச் சுமக்கச் சொன்னேன்?"

அவள் நகரவில்லை. மார்க் கட்டுக்குள்ளிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "ஒனக்கும் அஞ்சுதான?" என்றாள்.

என் வீட்டுக்காரரையும் மாமியாரையும் தவிர அது யாருக்கும் தெரியாது. என் கால் அப்படியே கல்லில் நின்றுவிட்டது.

"எனக்கு எறக்க எடமில்லாமப் பண்ணிட்டிய. நீ மட்டும் எப்படி எறக்குதன்னு பாக்கேன்" என்றாள். கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அத்தனை வெறுப்பை நான் என் மாமியாரிடம்கூடக் கண்டதில்லை. அந்த ஒடுக்கமான கல்லில் என்னை உரசிக்கொண்டே கடந்து போனாள். மார் என் தோளைக் கீறியது. சட்டியோடு உடம்பை முழுதாகத் திருப்பிப் பார்த்தேன், சாலை நெடுக யாரும் இல்லை. ஓடி ஒளிய அங்கே ஒரு செடி கிடையாது. செடி என்றதும்தான் உறைத்தது. மழை இல்லாமல் அந்தப் பக்கம் இரண்டு வருடமாக யாரும் பருத்தியே விதைக்கவில்லை.

எப்படியோ நடந்து நிழலுக்குப் போனேன். "சட்டிய எறக்குங்கட்டி" என்றேன். பேச்சியும் இன்னொருத்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நம்பினால் நம்புங்கள், அசையவில்லை. "என்னட்டி, ஜல்லிக்குப் பதிலா ஈயத்த வச்சிருக்கியா?" என்று பேச்சி சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மேஸ்திரி வந்து சாய்த்துவிட்டார், ஜல்லி கொட்டியது, சட்டியும் உருண்டது. தலையில் இருந்த கனம் மட்டும் இறங்கவில்லை. வெறுந்தலையோடு கழுத்தை மடக்கி நின்றேன்.

ஒரு வாரத்தில் வேலையை விட்டுவிட்டேன். தலையை நிமிர்த்தி யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. படுத்தால் அந்தக் கனம் நெஞ்சுக்கு இறங்கும், எழுந்தால் தலைக்கு ஏறும். பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். நடந்ததை வீட்டில் சொல்லவில்லை, சொன்னால் பைத்தியக்காரி என்று சொல்லி அன்றே அனுப்பிவிடுவாள் மாமியார். இதற்குள் சாலையை நேராக்கி முடித்து, அந்தப் பலகைக் கல்லையும் பாலத்தோடு வைத்து மூடித் தார் போட்டுவிட்டார்கள்.

பிள்ளை தங்கியது. ஆனால் நாள் வந்தும் வலி வரவில்லை. குறித்த தேதிக்குப் பிறகு பன்னிரண்டு நாள் போனது. "உள்ள இருக்கது பிள்ளையா, கல்லா?" என்று மாமியார் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். டாக்டரம்மா திங்கட்கிழமை வந்து படு, ஆபரேஷன் பண்ணி எடுத்துவிடலாம் என்றார். எனக்குக் கத்தி பயம் இல்லை. நீ மட்டும் எப்படி எறக்குதன்னு பாக்கேன் என்ற குரல்தான் ராவும் பகலும் காதில் கேட்டது. வெட்டி எடுத்தாலும் உயிரோடு எடுக்க விடமாட்டாள் என்று எனக்கு உறுதியாகத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் மினி பஸ் ஏறி அந்த இடத்தில் இறங்கினேன். சாலை ஈர்க்குச்சி மாதிரி நேராகக் கிடந்தது. உச்சி வெயிலில் பாலத்து ஓரம் நின்றேன். நான் அழுது கும்பிட்டேன் என்று நினைக்காதீர்கள். சண்டைதான் போட்டேன்.

"ஏட்டி, வா. கை கேட்டேல்லா? ரெண்டு கையும் இந்தா இருக்கு. எறக்கிட்டுப் போ. எம் பிள்ளைய விடு. கை குடுக்காதது எந் தப்பு, பிள்ள என்ன செஞ்சிச்சு?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, அது வேறு.

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காய்ந்த பருத்திமார் வாடை வந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியாமலே கையில் கனம் வந்து இறங்கியது, முதலில் கொஞ்சம், பிறகு முழுசாக. மார் கையைக் குத்தியது. முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதே நேரம் ஐந்து மாதமாகத் தலையில் இருந்தது போய்விட்டது. நிமிர்ந்தேன், கழுகுமலை முழுதாகத் தெரிந்தது. அடுத்த மூச்சில் பனிக்குடம் உடைந்தது.

கேரளாவிலிருந்து மரம் ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி, என்னைத் தூக்கி உட்காரவைத்து, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விட்டார். ஒரு மணி நேரத்தில் பெண் பிள்ளை பிறந்தது, ஆபரேஷன் இல்லாமலே.

என்னைத் துடைத்துவிட்ட நர்ஸ் சத்தம் போட்டார். "நெறமாசத்துல வெறகு பெறக்கவா போன? கையெல்லாம் மார் கிழிச்சிருக்கு, பாரு." என் தலைமுடியிலிருந்து ஒரு துண்டுக் குச்சியை உருவிக் கீழே போட்டார். அதில் காய்ந்த பருத்திக்காய் ஓடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது ஆவணி மாதம், எந்தக் காட்டிலும் பருத்தி நிற்காத காலம்.

மாமியார் பேத்தியைக் கையில் வாங்கியதும் கயத்தாறுப் பேச்சையே விட்டுவிட்டாள், அந்தச் சந்தோஷம் எனக்கு இன்றைக்கும் உண்டு. அந்த மகளை இப்போது சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே, வளைகாப்பு முடிந்து அவளை நான்தான் அழைத்துவர வேண்டும். வழி அந்தச் சாலைதான். பழைய வளைவில் இப்போது வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. ஒரு சுமைதாங்கி நட்டுவைக்கலாமா என்று கேட்டுப் பார்த்தேன். கல் கிடைக்கும், சுமை இறக்க ஆள் கிடைக்குமா, இப்போது தலையில் வைத்து யார் நடக்கிறார்கள் என்றார்கள். நியாயமான கேள்விதான்.

போன வாரம் மகள் போன் பண்ணினாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். "யம்மா, நாலு நாளா தலை கனக்கு. எதையோ சுமந்துகிட்டே நடக்க மாதிரி இருக்கு" என்றாள். தலையணையை மாற்றிப் படு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை.

அன்றைக்கு நடந்ததை எத்தனையோ தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கை தூக்கியது, கனம் இறங்கியது, முட்டி மடங்கியது, லாரி வந்தது, எல்லாம் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. அவளிடம் சுமையை வாங்கினேன், சத்தியம். வாங்கியதைக் கீழே வைத்ததாக மட்டும் எனக்கு ஞாபகம் இல்லை.