பெருங்காய டப்பாவில் ஒரு முள்

என் காரின் டாஷ்போர்டில் ஒரு பெருங்காய டப்பா ஒட்டியிருக்கிறது. மஞ்சள் நிற வட்ட டப்பா. மூடி இருந்த இடத்தில் கண்ணாடி, அதற்குள் ஒரு முள். இன்ஜின் சூடேறினால் முள் வலப்பக்கம் நகரும், ஆறினால் இடப்பக்கம் திரும்பும். நானே செய்தது. கல்லூரியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்று, எழுபதைத் தாண்டிய ஆள் நான். அந்த முள் முதன்முதலில் அசைந்த அன்று சமையலறையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினேன்.

அதை எதற்காகச் செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவி மேல் தப்பு என்று நிரூபிக்கத்தான்.

அவள் கார் ஓட்டக் கற்றதே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. கற்ற வேகத்தில் சாவியை அவளிடமிருந்து வாங்க முடியவில்லை. மீன் வாங்க, கோயிலுக்கு, காரணமே இல்லாமல் கடற்கரைக்கு என்று எங்கும் அவளே ஓட்டினாள். போன வருஷம் கடலூரில் அவள் தங்கையின் பேத்திக்குக் காதுகுத்து. தோடு வாங்கியவள் இவள்தான், தோடு இருந்ததும் இவள் கைப்பையில்தான். முதலியார்பேட்டையிலிருந்து கிளம்பினோம். தவளக்குப்பம் சந்திப்பில் பானெட்டிலிருந்து ஆவி பொங்கியது. அங்கே ஒரு டீக்கடை முன்னால் வண்டியை ஒதுக்கினாள்.

டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, நான் சத்தம் போட்டேன். "சிவப்பு லைட் எரிஞ்சிருக்கும், பாத்தியா நீ? கண்ண எங்க வெச்சிகினு ஓட்டுற? வண்டின்னா ஸ்டியரிங்க திருப்புறது மட்டும்னு நெனப்பா?"

"லைட் எரியலங்க" என்றாள்.

"எரியாம எப்படி கொதிக்கும்?"

அங்கே கடலூரில் நல்ல நேரம் முடிவதற்குள் யாரோ கழற்றிக் கொடுத்த இரவல் தோட்டைக் குழந்தைக்குப் போட்டுவிட்டார்கள். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். சாவியைப் பூஜை அறை ஆணியில் மாட்டியவள் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. தோடும் பீரோவிலேயே இருந்தது. பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வரலாமே என்றால், "பாக்கலாம்" என்பாள். மெக்கானிக் ஒரு குழாயின் கிளிப்பை இறுக்கி, தண்ணீர் ஊற்றி, ஓட்டிப் பாருங்கள் என்று கொடுத்துவிட்டார். ஊருக்குள் சின்னச் சின்னத் தூரம் நான் ஓட்டியபோது வண்டி கொதிக்கவில்லை. ஆகவே ஓட்டியவள் மேல்தான் தப்பு என்று முடிவு கட்டினேன். ஒரு முள் இருந்தால், ஒழுங்காக ஓட்டினால் வண்டி சூடேறாது என்று அவளுக்குக் காட்டிவிடலாம். இதுதான் என் திட்டம்.

பிறகு முள்ளைச் செய்யச் செய்ய, திட்டம் மறந்து குஷி பிடித்துக்கொண்டது. சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் மிளகளவு தெர்மிஸ்டர் ஒன்று. அதை வைத்து மூட, தட்டாஞ்சாவடிப் பட்டறை ஒன்றில் வெட்டி வாங்கிய செப்புக் குழாய்த் துண்டு. பழைய மீட்டரிலிருந்து எடுத்த முள். பால் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரையும் என் செப்புக் குழாயையும் ஒன்றாக முக்கி, அடுப்பைப் பற்றவைத்தேன். முள் மெல்ல எழுந்தது. நான் ஆடியது அப்போதுதான்.

"ஏங்க, காபி போடணும். உங்க ஆராய்ச்சிய இறக்குங்க" என்றாள் மனைவி.

"இரு, இரு, கொதி நிலை வரட்டும்!"

"வெறுந்தண்ணி கொதிக்கிறத இவ்ளோ சந்தோஷமா பாக்குற ஆள இப்பதான் பாக்குறேன்." டப்பாவை எடுத்து முகர்ந்தாள். "காருக்கு வாயுத் தொல்லையா?"

வண்டியில் பொருத்த, பக்கத்து வீட்டுச் சொல்தா துணைக்கு வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். என்னைவிடப் பெரியவர், என்னைப் பிரெஞ்சு மரியாதையாக மிசியே என்பார், நான் அவரை அண்ணே என்பேன். வெந்நீர் இன்ஜினை விட்டு வெளியே வரும் குழாயின் கழுத்தில் செப்புத் துண்டை வைத்து, இரும்புப் பட்டையால் இறுக்கினோம். அங்கிருந்து ஒயரை டாஷ்போர்டுக்குக் கொண்டுவர, இன்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகட்டில் இருந்த ரப்பர் அடைப்பைத் துளைத்து, உடைந்த குடைக் கம்பியில் ஒயரைக் கட்டி நுழைத்தேன். உள்ளே சீட்டுக்குக் கீழே தலைகீழாகக் கிடந்த சொல்தா, "வந்துட்டான்! வந்துட்டான்!" என்று கத்தினார். தெருவில் போனவர்கள் பாம்பு என்று நினைத்து நின்றுவிட்டார்கள்.

முதல் சோதனையில் ஹாரன் அடித்தேன். முள் எகிறிக் குதித்தது.

"இன்னா மிசியே, ஹாரன் அடிச்சா இன்ஜினுக்கு ஜுரம் வருது?"

பேட்டரியின் மின்னழுத்தம் ஆடுவதால் வந்த கோளாறு. சின்னதாக ஒரு ரெகுலேட்டர் சேர்த்ததும் சரியாயிற்று. சரியான பிறகும் சொல்தா வேண்டுமென்றே எட்டி எட்டி ஹாரனை அடித்து, முள் அசையாததைக் கண்டு கைதட்டினார்.

மறுநாள் காலை இருவரும் கடலூர் சாலையில் கிளம்பினோம். "ஏறுது மிசியே, ஏறுது! அலே, அலே!" என்று சொல்தா பிரெஞ்சில் முள்ளை விரட்டி, டப்பாவைத் தட்டிக்கொண்டே வந்தார். இரண்டு கிழவர்களும் பள்ளிக்கூடப் பையன்களைப் போலக் கூச்சல் போட்டோம். நான் மிக ஒழுங்காக ஓட்டினேன். கியரை அளந்து மாற்றினேன். அரியாங்குப்பம் பாலம் தாண்டியும் முள் ஏறிக்கொண்டே இருந்தது. ஆபத்துக்கு அடையாளமாக நான் சிவப்பு மையால் போட்டிருந்த கோட்டைத் தொட்டது. தாண்டியது.

"அண்ணே, சிவப்பு லைட் எரியுதா பாருங்க."

"எங்க எரியுது? செத்துக் கெடக்குது."

ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன். அணைத்த இடம் தவளக்குப்பம், அதே டீக்கடை. ஓட்டியது நான். லைட் எரியவில்லை. அந்த விளக்கு எப்போதோ பியூஸ் போயிருக்கிறது.

இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்தபோது சொல்தா வண்டியின் முன்னால் குந்தி, கிரில்லுக்குள் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மிசியே, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டியே? காருக்குக் கொசுவலை இன்னாத்துக்கு?"

நானும் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். காதுகுத்துக்கு முந்தைய வருஷம் எலி ஒருமுறை ஒயரைக் கடித்துவிட்டது. எலி நுழையாமல் இருக்க, ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய கொசுவலையை அளந்து வெட்டி, கிரில்லுக்குப் பின்னால் கட்டியவன் நான்தான். கட்டி முடித்து எலியை வென்றதாக மூன்று வீட்டில் பெருமை அடித்தேன், பிறகு மறந்தே போனேன். தெருப் புழுதியும் எங்கள் இலவமரத்துப் பஞ்சும் படிந்து படிந்து வலை கம்பளி போல ஆகியிருந்தது. ரேடியேட்டருக்குக் காற்றே போகவில்லை. வெப்பக் கடத்தலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய நான் என் இன்ஜினுக்குப் போர்வை போர்த்தியிருக்கிறேன்.

வலையைப் பிய்த்து எடுத்தோம். திரும்பும் வழியில் முள் மெல்ல இறங்கி நடுவில் வந்து நின்றது. சொல்தா ஒரு பிரெஞ்சுப் பாட்டை எடுத்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெட்கமாக இருந்தது, சிரிப்பையும் அடக்க முடியவில்லை.

"வலைய வாய்க்கால்ல போட்ருவோம். வூட்ல தங்கச்சிக்குத் தெரிய வேணாம். முள்ளு வந்ததும் சரியாப்போச்சுன்னு சொல்லிக்க" என்றார்.

சொல்லிக்கொள்ளலாம்தான். வீடு வரும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். மனைவி வாசலில் நின்று, "உங்க பெருங்காயம் வேல செய்யுதா?" என்று கேட்டாள். நான் வலையை அவள் கையில் கொடுத்தேன். எலி, வலை, பஞ்சு, எரியாத விளக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "நீ சரியாத்தான் ஓட்டுன. நாந்தான் கொதிக்க வெச்சேன்."

அவள் வலையை விரித்துப் பார்த்தாள்.

"எலி வந்துச்சா?"

"வரல."

"அது வரைக்கும் சரி." உள்ளே போனாள். புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையோடும் சாவியோடும் வந்தாள். "ஏறுங்க. அன்னிக்கு எங்க நின்னு சொன்னீங்களோ அங்கயே வந்து சொல்லுங்க."

அவள்தான் ஓட்டினாள். தவளக்குப்பத்தில் அந்த டீக்கடை முன்னால் கச்சிதமாக நிறுத்தினாள். காலையில் என்னையும் சொல்தாவையும் பார்த்த டீக்கடைக்காரர், "மறுபடியும் நின்னுபோச்சா சார்?" என்றார்.

"இல்லைங்க. போன வருஷம் இங்க என் சம்சாரத்த வண்டி ஓட்டத் தெரியலன்னு திட்டினேன். தப்பு அவங்களுது இல்ல. என்னுது."

"சத்தமா" என்றாள் காருக்குள்ளிருந்து.

"தப்பு என்னுது!"

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். டீக்கடைக்காரருக்குப் போன வருஷத்து விஷயம் எதுவும் நினைவில்லை. "அதுக்கின்னா சார், வூட்டுக்கு வூடு நடக்கறதுதான். டீ சாப்பிடுறீங்களா?" என்றார். இரண்டு டீ வாங்கிக்கொண்டு போய் ஒன்றை அவளிடம் நீட்டினேன். குடித்து முடித்து, வண்டியைக் கடலூர்ப் பக்கம் திருப்பினாள்.

"இப்பவேவா? உன் தங்கச்சிக்குச் சொல்லலியே."

"தோடு பையில இருக்கு." கியரை மாற்றினாள். "அன்னிக்குப் போட வேண்டியது. இன்னிக்காவது என் கையால போடுறேன்."

நான் பழக்க தோஷத்தில் முன்னால் போன லாரியைக் காட்டி, "மெதுவா, மெதுவா" என்றேன்.

"ரோட்ட நான் பாத்துக்கறேன். நீங்க உங்க முள்ளப் பாருங்க."

கடலூர் போய்ச் சேரும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவை விட்டு அது அசையவே இல்லை.