சிஞ்ஞோராவின் நிலத்தில் ஒரு படலை

வீட்டுத் தோட்டம் தொடங்குவது எப்படி என்று சொல்லித்தருகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். கைபேசியைத் திறந்தால் யாராவது ஒருவர் மண்ணை அள்ளி முகர்ந்து காட்டுகிறார். முதலில் மண்ணைப் பதப்படுத்துங்கள் என்கிறார். முதலில் தண்ணீருக்கு வழி பாருங்கள் என்கிறார் இன்னொருவர். பலெர்மோவில் நான்காம் மாடி பல்கனியில், நம் துளசிக்கு ஒன்றுவிட்ட தங்கையான பசிலிக்கோவை மூன்று தடவை சாகக்கொடுத்தவள் என்ற தகுதியில் நானும் இவர்களை விடாமல் பார்க்கிறேன். ஒருவராவது முதலில் வேலி அடைத்துவிடுங்கள் என்று சொல்லிக் கேட்டதில்லை. அப்பா அப்படித்தான் தொடங்கினார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பல்லரோ சந்தைக்குப் பின்னால், ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில் இருந்தோம். அம்மா ‘சிஞ்ஞோரா’ என்று அழைத்த ஓர் இத்தாலியச் சீமாட்டியின் வீட்டில் துப்புரவு வேலை செய்தார். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். யாழ்ப்பாணத்தில், ஊரில், அவர் கூட்டுறவுச் சங்கக்கடைக் கிளாக்கர். மண்வெட்டியை விற்றிருக்கிறாரே தவிரப் பிடித்ததில்லை. சிஞ்ஞோரா நல்லவர். அம்மா இதை அடிக்கடி சொல்வார். அடிக்கடி சொல்லவேண்டியிருந்த அளவுக்கு நல்லவர்.

ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலை விட்டு மலைப்பக்கம் ஏறுகிற வழியில், சிஞ்ஞோராவுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. கொஞ்சம் எலுமிச்சை, மிச்சமெல்லாம் முள். அம்மா யன்னல் துடைத்துக்கொண்டிருந்த ஒருநாள், "சும்மாதானே கிடக்கிறது, உன் கணவர் விரும்பினால் ஏதாவது நட்டுக்கொள்ளட்டும்" என்று சொல்லியிருக்கிறார். சொன்ன கையோடு மறந்தும் இருப்பார். அப்பா மறக்கவில்லை.

"ஒரு வருசம்," என்றார் அம்மாவிடம். "கத்தரி, பாகல், பயித்தை, புடோல். எங்கடை சனம் இஞ்சை பாவற்காய்க்குத் தவண்டடிச்சுத் திரியுது. காய்ச்சு வரட்டும், கடையளுக்குக் குடுப்பம். பிறகு கோப்பையை வேறை ஆரும் கழுவட்டும்."

"முதல்ல எங்கடை வீட்டுக் கோப்பையைக் கழுவுங்கோ," என்றார் அம்மா.

அப்பாவுக்குத் திங்கட்கிழமைதான் விடுமுறை. பள்ளிக்கூடம் விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். முள் வெட்டி முடிந்தபோது முதல் மழை விழுந்தது. ஐப்பசியில் மழை கண்டால் யாழ்ப்பாணத்தான் கையில் விதை துடிக்கும். இங்கே அந்த மழைக்குப் பின்னால் குளிர் வருகிறது, விதைத்ததெல்லாம் மார்கழியில் கருகிவிடும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நல்ல காலம், விதைக்க அவருக்கு நேரமில்லை. மாரி முழுவதும் வேலி அடைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலியால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

வேலி பற்றிச் சொல்லவேண்டும். ஊரில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் இருந்தது ஒரு வேலி. அதில் ஒரு கதியால், அதாவது குத்தினால் வேர்விட்டு மரமாகிவிடும் வேலிக்கொம்பு, ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்ந்ததா இல்லையா என்று இருவரும் பல வருடம் வழக்காடிக் கோடு ஏறி இறங்கினார்கள். நீதவான்கள் மாறினார்கள், வழக்குப் பேசிய அப்புக்காத்துமார் அந்தக் காசில் மேல்மாடி கட்டினார்கள். கடைசியில் போர் வந்து, கதியாலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு வளவையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. நிலம் போய்விட்டது. வேலி அடைக்கும் கை மட்டும் அப்பாவோடு விமானம் ஏறியது.

தென்னோலை இல்லாத நாட்டில் வேலிக்குப் பின்னிக் கட்டும் கிடுகுக்கு எங்கே போவது? தெருவோரப் பனைமரங்களில் நகரசபைக்காரர் வெட்டிப்போட்ட ஓலைகளைச் சேர்த்துக்கொண்டு பஸ் ஏறினார். கிழவிகள் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு குருத்தோலை ஞாயிறு இத்தனை சீக்கிரம் வந்துவிட்டதா என்று கேட்டாள். அது மார்கழி மாதம். அந்த ஓலையின் அடியில் விரல் நீளத்துக்கு முள். பின்னிய கையெல்லாம் இரத்தம். கதியாலுக்கு அத்திக் கொம்புகளை நட்டார். இடையில் நாணலைக் கட்டினார். சந்தையில் எறிந்த மீன்பெட்டிகளை உடைத்து, வேலிக்கு வாசற்கதவாக ஒரு படலை செய்தார். மத்தி மணக்கிற படலை. அதைப் பூட்ட ஒரு கயிற்றுச் சுருக்கு. ஒரே இழுவையில் கழலும்.

"பிள்ளை, ஆர் வந்தாலும் படலையடியில நிண்டு கூப்பிடோணும். தள்ளிக்கொண்டு உள்ளுக்கை வரப்படாது."

"இஞ்சை ஆரப்பா வரப்போகினம்?"

"வருவினம்."

மாசி கழிந்துதான் விதைத்தார். ஆனி மாதம் பாகற்கொடி வேலிமேல் ஏறி நின்றது, கத்தரி பூத்திருந்தது. அத்திக் கொம்புகள் எல்லாம் இலைவிட்டிருந்தன. அம்மா முதல்முறை பார்க்க வந்தபோது படலைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார்.

"வீட்டுக்காரர்! தோட்டக்காரர் நிக்கிறாரோ?"

"ஓம், நிக்கிறார். நீங்கள் ஆர்?" அப்பா எழும்பவில்லை.

"நிலத்துக்காரியின்ரை வேலைக்காரி. வேவு பாக்க அனுப்பினவ."

அப்பா அப்படிச் சிரித்து அதற்குமுன் நான் கண்டதில்லை.

பள்ளி விடுமுறை தொடங்கிய ஒரு திங்கட்கிழமை மாலை ஒரு கார் வந்து நின்றது. சிஞ்ஞோரா இறங்கினார். கூடவே அவர் மகன். அவர் வழக்கறிஞர்; அந்தக் குடும்பத்தில் நல்லவராக இருக்கவேண்டிய வேலை சிஞ்ஞோராவுக்கு, மற்ற வேலைகள் இவருக்கு. இருவரும் படலையடிக்கு வந்தார்கள். மகன் கையை நீட்டுமுன் சிஞ்ஞோரா நின்றுவிட்டார்.

இந்த ஊரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. கதவு திறந்தே கிடந்தாலும், தினமும் போகிற வீடானாலும், பிறர் வாசலைத் தாண்டுமுன் வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் காலை வைப்பார்கள். நாக்கு தானாகக் கேட்கும். வேலியையும் படலையையும் கண்டதும் சிஞ்ஞோராவின் நாக்கும், சொந்த நிலம் என்பதை மறந்து, தானாகக் கேட்டது.

"வரலாமா?"

அப்பா வாளியை வைத்தார். கையைச் சாரத்தில் துடைத்தார். நடந்து வந்து சுருக்கில் கையை வைத்தபடி சிஞ்ஞோராவைப் பார்த்தார். சுருக்குக் கழலவில்லை. சிஞ்ஞோரா கைப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே வெயிலில் நின்றார். மகன் தாயைப் பார்த்தார். பிறகு வேலியைப் பார்த்தார். பிறகு ஒரே நேர்கோட்டில் இலைவிட்டு நிற்கும் அத்திக் கொம்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.

"அப்பா, நான் கழட்டுறன்."

"நில்லு, பிள்ளை."

ஒருவழியாகப் படலை திறந்தது. உள்ளே வாருங்கள் சிஞ்ஞோரா, வாருங்கள் என்று அப்பா வரவேற்றார். பரிசாரகர்கள் பேசுவதைக் குசினியிலிருந்து கேட்டுப் பழகிய உயர்ந்த இத்தாலிய மொழி. சுற்றிக் காட்டினார். முதல் பாவற்காயைக் கொடியிலிருந்து ஆய்ந்து இரண்டு கையாலும் கொடுத்தார். சிஞ்ஞோரா எத்தனை அழகு என்றார். அதை அவர் பச்சையாக நறுக்கி ஒலிவ் எண்ணெய் விட்டுச் சாப்பிட்டதாகப் பின்னர் அறிந்தோம். ஆனால் காரியம் கெட்டது அந்தக் கசப்பால் அல்ல.

அடுத்த நாள் வேலையால் வந்த அம்மா செருப்பைக் கழற்றாமலே, சிஞ்ஞோராவின் மகன் சொன்னதைச் சொன்னார். இந்த நாட்டுச் சட்டத்தில் ஒருவன் ஒரு நிலத்தைத் தன்னுடையது போல அடைத்து இருபது வருடம் ஆண்டுவிட்டால் அது அவனுக்கே சொந்தமாகிவிடுமாம். கத்தரி வைப்பவனைப் பற்றிக் கவலையில்லையாம். வேலி அடைப்பவனைத்தான் பார்க்கவேண்டுமாம், அதுவும் வேர்விடுகிற வேலி.

"வேலியை மட்டும் எடுக்கட்டாம். மரக்கறி நிக்கட்டாம். நீங்கள் வழமைபோல வந்து தண்ணி விடலாமாம், எலுமிச்சைக்கும் சேர்த்து."

"எலுமிச்சைக்கும்?"

"ஓம்."

"அப்ப நான் அவையளின்ரை தோட்டத்து வேலைக்காரன்."

"நான் இவ்வளவு காலமும் அதுதானே," என்றார் அம்மா. "எனக்கு ஆர் வேலி அடைச்சது?"

வேலி நின்றால் தன் வேலை நிலைக்காது என்பதை அம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு மாரி முழுவதும் அடைத்த வேலியைப் பிரிக்க ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது. நான் ஓலையை இழுத்துக் குவித்தேன்.

"வேலி இல்லாட்டியும் கத்தரி காய்க்குந்தானே, அப்பா?"

"காய்க்கும்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை. எலுமிச்சைக்கு வேறு ஆள் வைத்தார்கள். கத்தரி அந்த வருடம் போட்டி போட்டுக்கொண்டு காய்த்தது. சிஞ்ஞோரா வாராவாரம் ஒரு பை நிறைய அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். "உன் கணவருக்கு என்ன ராசியான கை!" என்பாராம். அம்மா பொரித்துக் குழம்பு வைப்பார். அப்பா குழம்பைத் தொடாமல் பாண் துண்டைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கோப்பை கழுவப் போவார். முழங்கால் மறுக்கும்வரை கழுவினார்.

அந்த நிலம் இப்போது ஒரு மீன் உணவகத்தின் வாகனத் தரிப்பிடம். பிடுங்க வராத நாலைந்து கதியால்கள் பெரிய அத்திமரங்களாகி ஒரே கோட்டில் நிற்கின்றன. நல்ல நிழல். நானும் அதில் காரை விட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தக் கோடை முழுவதும் எனக்கு அப்பாமேல் ஒரு மனக்குறை இருந்தது. கத்தரிக்காய் அரிந்துகொண்டிருக்கும் அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்: அப்பா சுணங்கியபடியால்தான் அந்த மனுசன் வேலியை வடிவாகப் பார்த்தது. நான் கழட்டுகிறேன் என்றேன், விடவில்லை. சிஞ்ஞோராவை அவ்வளவு நேரம் வெளியில் நிற்கவைத்துவிட்டார். ஒரே இழுவையில் கழலுகிற சுருக்கம்மா, அவரே போட்டது, அதைக்கூடக் கழட்டத் தெரியாமல் நின்றார் என்று.