தூண்டில்காரரின் படத்தில் ஒரு புள்ளி

எங்கள் வீட்டில் அவரைத் தூண்டில்காரர் என்றுதான் சொல்வோம். உண்மைப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. படத்தின் மூலையில் தூண்டில் முள்ளைப் போல வளைந்த ஒரு கையெழுத்து இருக்கும். அது தமிழா இங்கிலீசா என்பதிலேயே வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த வார இதழ் ஒன்றின் தொடர்கதைக்கு அவர் பேனாவும் கறுப்பு மையுமாகப் படம் போட்டிருந்தார். பெரியம்மா கல்யாணத்துக்கு முன்னால் வாரம் தவறாமல் அந்தப் பக்கங்களைக் கழற்றிச் சேர்த்து, கோதுமை மாப் பசையும் சாக்கு ஊசியுமாகத் தன் கையாலேயே புத்தகமாகக் கட்டியிருந்தார்.

இடம்பெயர்ந்தபோது அந்தப் புத்தகமும் யூரியாப் பையில் சுற்றப்பட்டு எங்களோடு வாவியைக் கடந்தது. திரும்பியும் வந்தது. இடையில் கறையான் தன் பங்கை எடுத்துக்கொண்டிருந்தது. அது கீழிருந்து தின்றபடியால் ஒவ்வொரு பக்கத்திலும் கதையில் பாதி இல்லை. மேலே அச்சிட்டிருந்த படங்கள் மட்டும் தப்பின. கதாநாயகி கடைசியில் யாரைக் கட்டினாள் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

வவுணதீவில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்று பெரியம்மாவுடையது, மற்றது அம்மாவுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆகையால் அக்காவும் தங்கையும் கடைசிவரைக்கும் ஒருவர் வீட்டுக் கறி மணத்தை மற்றவர் பிடித்தபடியே காலம் தள்ளுவார்கள். எனக்கு எந்த வீட்டில் பசித்தாலும் சோறு கிடைத்தது. படம் பார்க்க மட்டும் பெரியம்மா வீட்டுக்குத்தான் போகவேண்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. சண்டை முடிந்து இரண்டாவது வெள்ளாமையும் வெட்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் படம் வரைவதில்லை, கீறுவோம். கத்தியால் கிழித்தாலும் கீறுவதுதான், பென்சிலால் பூவைப் போட்டாலும் கீறுவதுதான். நான் எப்போதும் எதையாவது கீறிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துச் சித்திரப் போட்டியில் ஒரு தடவை இரண்டாம் இடம் கிடைத்தது. அதன் பிறகு என் தலைக்கனத்துக்கு அளவில்லை. உலகத்தில் படம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் தூண்டில்காரர், மற்றவர் நான் என்று நினைத்திருந்தேன்.

அவர் கெட்டிக்காரர்தான், அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகமில்லை. தலைமயிரைக் கட்டுக்கட்டாகக் கீறி, ஒரு கட்டுக்கும் அடுத்த கட்டுக்கும் நடுவில் ஒரு கோட்டு அகலம் வெள்ளை விடுவார். அந்த வெள்ளையில்தான் எண்ணெய் மினுங்கும். மூக்குக்கு ஒரே இழுப்பு. கண்ணின் கருமணிக்குள் அரிசிக் குறுணி அளவுக்குத் தாளை அப்படியே விட்டுவிடுவார். அந்த இத்தனூண்டு தாளால் ஆள் நம்மைப் பார்க்கும். தண்ணீரை மட்டும் அவர் கீறவே மாட்டார். தோணியைக் கீறுவார், தோணியின் நிழலைக் கீறுவார், நடுவில் வெறும் தாள் கிடக்கும். பொய்யோ மெய்யோ என்று பார்க்க ஒரு மத்தியானம் வாவிக்கரையில் போய் நின்றேன். வெயிலில் தண்ணீர் வெறும் தாளாகத்தான் கிடந்தது.

பெரியப்பாவுக்கு மட்டும் தூண்டில்காரர் மேல் ஒரு குறை. ஒரு படத்தில் கதிர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. "இவரு வட்டையில இறங்கின ஆளில்ல. வெள்ளாமை எங்க இப்பிடிச் சாயும்?" என்பார். வயலில் இறங்கி முழங்கால் வரை சேறு பூசிக்கொண்டால்தான் படம் கீறலாம் என்பது அவருடைய கட்சி. நான் இரண்டு நாள் அவரோடு கதைக்காமல் இருந்தேன்.

உண்மையான ரசிகை பெரியம்மாதான் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, சன்னலோரம் இருந்து, புத்தகத்தை விரிப்பார். எப்போதும் ஒரே பக்கம். கிணற்றடியில் ஒரு பெண் குடத்தை வைத்துவிட்டு யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கும் படம். தேத்தண்ணி ஆறிப்போகும், பக்கம் புரளாது. ஒருநாள் நானும் பக்கத்தில் போய் இருந்தபோது, விரலைப் படத்தில் படாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இஞ்ச பாரு புள்ள. இந்தப் பக்கம் ஒரு கோடும் இல்ல. ஆனா கன்னம் இரிக்கு." ஒரு படத்தை அப்படிப் பார்க்கத் தெரிந்தவரை நான் பிறகு எந்தக் கண்காட்சியிலும் சந்திக்கவில்லை.

எனக்கு அப்போது தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பெரியம்மாவுக்கு ஒரு மகள் இருந்தாள். நான் நடக்கப் பழகிய காலத்தில், பதினேழு வயதில், இயக்கத்துக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஆமிக்காரர் வீடுவீடாகத் தேடிய சுற்றிவளைப்புக் காலத்தில், வீட்டில் இல்லாத பெண்ணின் போட்டோ வீட்டில் இருந்தால் வினை என்று, இருந்த போட்டோக்கள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டார்கள். சண்டை முடிந்தபிறகு காணாமல் போனவர்களைப் பதியும் படிவம் வந்தபோது, படம் ஒட்டும் கட்டத்தை வெறுமையாக விட்டுத்தான் பெரியம்மா கொடுத்தார். பள்ளிக்கூடத்திலும் கேட்டுப் பார்த்தார்கள், அங்கும் இல்லை. அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் அந்தக் கிணற்றடிப் பெண் திரும்பிப் பார்த்த பார்வையில் பெரியம்மா தன் மகளைக் கண்டிருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் குறைந்தது. மகளுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம். பெரியம்மா பேனையை எடுத்து, அதை வைத்தார்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. பெரியம்மாவுக்கு ஒரு மகள் இருந்தாள் என்பதும், அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதும் மட்டும் தெரியும்.

பூச்சிமருந்துப் போத்தலின் சின்ன எழுத்தை வாசிக்கப் பெரியப்பா ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். அதைத் திருட்டுத்தனமாக எடுத்து, தூண்டில்காரரின் கோடுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். கிணற்றடிப் பெண்ணின் கன்னத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அவர் மை தாளுக்குள் ஊறி மங்கலாகக் கிடந்தது. இந்த மச்சம் மட்டும் தாளின் மேல் இருந்தது. புத்தகத்தைச் சரித்தால் ஊதாவாக மினுங்கியது. உடனே மற்றப் படங்களைப் புரட்டினேன். கதாநாயகி வருகிற ஒரு படத்திலும் அவளுக்கு மச்சம் இல்லை. ஆக, இது தூண்டில்காரரின் வேலை இல்லை. யாரோ குமிழ்முனைப் பேனையால் குத்தி, அந்தப் பெரிய மனிதர் ஒரு கோடும் போடாமல் விட்டுவைத்த கன்னத்தைப் பாழாக்கியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் முதல் சந்தேகம் பெரியப்பா மேல்தான் போனது.

பெரியப்பா முகம் வழிக்கும் பிளேட்டில் பாதியை எடுத்துக்கொண்டேன். அவசரப்படவில்லை. மூன்று பின்னேரங்கள், பெரியம்மா கோழிக்குத் தீன் வைக்கப் போகும் நேரம் பார்த்து, தாள் தும்பு எழும்பாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். பிறகு நகத்தின் பின்பக்கத்தால் தேய்த்து மட்டமாக்கினேன். கடைசியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எனக்கே இடம் தெரியவில்லை. கன்னம் மறுபடியும் வெறும் தாளாக, தூண்டில்காரர் விட்டபடியே இருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த முதல் சுத்தமான வேலை அது.

அன்று நாலு மணிக்குப் பெரியம்மா புத்தகத்தை விரித்தார். பாராட்டு வரும் என்று நான் வாசலில் காத்துக்கொண்டு நின்றேன். அவர் சேலைத் தலைப்பால் படத்தைத் துடைத்தார். பிறகு எழும்பிப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் துடைத்தார்.

"இஞ்ச ஒரு மச்சம் இரிந்ததே புள்ள?"

"அது தூண்டில்காரர் வெச்சதில்ல பெரியம்மா. ஆரோ பேனையால குத்தி வெச்சிரிக்காங்க. நான்தான் பிளேட்டால கீறி எடுத்தன்."

ஊதா மினுக்கம், மற்றப் படங்கள், கன்னத்து வெள்ளை என்று என் ஆதாரங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைத்தேன். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டார். அடிக்கவில்லை, ஏசவுமில்லை. கதிரையில் இருந்துவிட்டார். எனக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு விளக்கிச் சொல்லியும் விளங்காத ஆளையா ரசிகை என்று நினைத்தோம் என்று மனதுக்குள் அவர் மேல் இருந்த மதிப்பு ஒரு படி குறைந்தது.

பிறகு எழும்பிப் போய், கலண்டரில் செருகியிருந்த பேனையை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினார்.

"நீ எடுத்த இடத்திலயே திரும்ப வை."

"வெள்ளை கெட்டுப்போயிரும் பெரியம்மா."

"வை மனே."

பெரியம்மா என்னிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுக்க முடியவில்லை. ஆனால் தூண்டில்காரரையும் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஆகவே ஒரு சமாதானம் செய்தேன். தாடையோரத்தில் அவர் போட்ட நிழற்கோடுகள் தொடங்கும் இடத்தில், பழைய இடத்திலிருந்து நல்ல ஒரு நகத்தளவு கீழே, மெதுவாக ஒரு புள்ளி வைத்தேன். அங்கே என்றால் அது நிழலோடு நிழலாகச் சேர்ந்துகொள்ளும். கன்னம் தப்பிவிடும். அவரே மச்சம் வைக்க நினைத்திருந்தாலும் அங்கேதான் வைத்திருப்பார் என்பதில் எனக்கு உறுதி.

பெரியம்மா நெடுநேரம் பார்த்தார். "கொஞ்சம் மேலயில்லியா புள்ள?"

"இல்ல பெரியம்மா. இதே இடந்தான்."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, "இஞ்ச ஒருக்கா வாகா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா மீன் கழுவிய கையை உதறிக்கொண்டு வந்தார். புத்தகத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். படத்தையும் பார்த்தார், தன் அக்காவின் முகத்தையும் பார்த்தார், என் கையிலிருந்த பேனையையும் பார்த்தார்.

"ஓம் அக்கா. இதே இடந்தான்," என்றார் அம்மா.

பெரியம்மா தலையாட்டினார். ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார். இரண்டு பெரிய ஆட்கள் என் ரசனையை ஏற்றுக்கொண்டார்கள் என்ற சந்தோசத்தில் நான் வளவு முழுவதும் சுற்றி ஓடினேன். மறுநாள் நாலு மணிக்குப் பெரியம்மா வழக்கம்போலச் சன்னலோரம் இருந்தார்.

இப்போது நான் செங்கலடிப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் படம் கீறச் சொல்லிக்கொடுக்கிறேன். கோடு போடுவதைவிடப் போடாமல் விடுவது கஷ்டம் என்று சொல்லும்போதெல்லாம் தூண்டில்காரரைத்தான் நினைத்துக்கொள்வேன். பெரியம்மா இருக்கிறார், புத்தகமும் இருக்கிறது. மகளைப் பற்றியும் அடுப்பைப் பற்றியும் அம்மா எனக்குச் சொன்னது என் இருபதாவது வயதில், ஒரு மத்தியானம், இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது. போட்டோக்களை அடுப்பில் வைத்தது அம்மாவின் கைதான் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அப்படியென்றால் மச்சம் உண்மையில் எங்கே இருந்தது என்று கேட்டேன். அம்மா இறாலை விட்டுத் தலை நிமிரவில்லை. "எனக்கும் நினைவில்ல புள்ள. அடுப்புக்குள்ள வெக்கக்குள்ள நான் முகத்தப் பாக்கல்ல," என்றார்.

நான் புள்ளி வைத்த அன்று அம்மா படத்தைப் பற்றிப் பேசவில்லை, தன் அக்காவுக்கு ஒரு ஆறுதல்தான் சொன்னார். பெரியம்மாவும் மச்சத்தின் இடத்தைப் அதுவரை தான் வைத்த புள்ளியைப் பார்த்துத்தான் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். அந்தப் பின்னேரம், அந்த வீட்டில், அந்தப் பழைய புள்ளி எங்கே இருந்தது என்று அச்சொட்டாகத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை.