நான் சேர்த்த எதிர்மறை

பிறர் பேச்சைத் திருத்திக் கேட்பது தமிழாசிரியர்க்கு ஓய்வுபெற்ற பின்னும் ஒழியாத பழக்கம். கடைப் பலகையில் ஒற்று மிகாதிருந்தால் உள்ளே சென்று சொல்லிவிட்டு வருவேன். அதனால் எவர்க்கும் கேடு விளைந்ததில்லை, என் பேர்த்தி காய்ச்சலில் கிடந்த அந்த வாரம் வரை.

அவளுக்கு அப்போது பதினான்கு திங்கள். மழை ஓய்ந்து, திண்டுக்கல்லில் எங்கள் தெருச் சாக்கடையெங்கும் கொசு மலிந்திருந்தது. இரண்டாம் நாள் குருதி பார்த்ததில் டெங்கு என்று தெரிந்தது. இப்போதைக்கு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், நாள்தோறும் மாலையில் கொண்டுவந்து காட்டவேண்டும் என்றார் இளம் மருத்துவர். மருந்தின் அளவையும் நீராகாரம் புகட்டும் முறையையும் அவர் விரைந்து சொல்லிக்கொண்டே போனார். அழுத குழந்தையைத் தோளிலிட்டு என் மகள் வெளியே உலவிக்கொண்டிருந்தாள். போகுமுன், "டாக்டர் சொல்றத அப்படியே எழுதிக்கங்கப்பா" என்றிருந்தாள்.

எழுதினேன். கடைசியாக அவர், "காய்ச்சல் விட்டா சாயங்காலம் வரைக்கும் பாக்காதீங்க. உடனே தூக்கிட்டு வந்துருங்க" என்றார். காய்ச்சல் விட்டபின் எதற்கு ஓடிவர வேண்டும்? வாய் தவறிச் சொல்லிவிட்டார் என்று கொண்டேன். 'காய்ச்சல் விடாவிட்டால் உடனே கொண்டுவருக' என்று என் குறிப்பேட்டில் திருத்தமாக எழுதிவைத்தேன்.

நான்காம் நாள் மகள் வடமதுரைப் பள்ளிக்குப் போயாக வேண்டியிருந்தது. அவள் வகுப்புக்குத் தேர்வு. மருமகன் வெளிநாட்டில். காலை ஒன்பது மணிக்கு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் அறவே இல்லை. மார்பிலும் தொடையிலும் செந்நிறத் தடிப்புகள் படர்ந்திருந்தன. நோய் வெளியேறும் அறிகுறி என்று எண்ணிக்கொண்டேன். குழந்தை அழாமல் உறங்கினாள். மகள் திரும்பியதும் சொல்ல ஒரு நற்செய்தி கிடைத்ததென்று மகிழ்ந்து, எழுப்பாமல் விட்டுவிட்டேன்.

நண்பகலில் எதிர்வீட்டு அம்மையார் கையில் வேப்பங்குழையோடு வந்தார். பூச்சந்தைக்குப் பூத்தொடுத்துக் கொடுப்பவர்.

"பிள்ளைக்கு அம்மா வந்திருக்காமே. வீட்ல எதையும் தாளிச்சுக் கொட்டிராதீக."

"அம்மையன்று. கொசுவால் வந்த காய்ச்சல். அதுவும் நீங்கிவிட்டது."

"ஆமா, உங்களுக்கு எல்லாமே கொசுதேன்" என்றபடி குழையைத் தலைமாட்டில் செருகினார். நான் முகம் சுளித்ததை அவர் பொருட்படுத்தவில்லை. குனிந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டார். தொட்ட கை அங்கேயே நின்றது.

"ஐயா, காலு சில்லுன்னு இருக்கு. ஒண்ணுக்கு எப்பப் போனா?"

குறிப்பேட்டைப் புரட்டினேன். மணிவாரியாக வெப்பம் குறித்திருந்தேன். சிறுநீரைக் குறிக்கவேயில்லை. அடியில் விரித்த துணி விடியற்காலை விரித்ததுதான்; உலர்ந்தே கிடந்தது.

"இம்புட்டு நேரமா எந்திரிக்கலையா? இது தூக்கமில்ல ஐயா, பிள்ளை துவண்டு கெடக்கு. போனைப் போடுங்க மொதல்ல."

மருத்துவமனையில் செவிலி எடுத்தார். "காய்ச்சல் எப்பங்க விட்டுச்சு?"

"ஒன்பது மணிக்கு."

"ஒம்பதுக்கா? விட்டா உடனே வரணும்னு டாக்டர் சொல்லியிருப்பாரே. இதுல விட்ட பெறகுதான் ஆபத்து. கெளம்புங்க."

குறிப்பேடு என் முன் திறந்தே கிடந்தது. 'விடாவிட்டால்' என்ற சொல் என் கையெழுத்தில், பிழையின்றி இருந்தது. குழந்தையைத் தூக்கியவர் அந்த அம்மையார்தாம். தெருமுனையில் ஆட்டோவை மறித்தவரும் அவரே. வழியெல்லாம் அவர் அவள் பாதங்களைத் தம் உள்ளங்கைகளுக்குள் பொதிந்துகொண்டு, அம்மனை உரிமையோடு வைதுகொண்டே வந்தார்.

மருத்துவர் என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. நாடி கிடைக்கவில்லை என்று செவிலியிடம் சொன்னது கேட்டது. மூன்றாம் முறை குத்தியபோதுதான் ஊசி நரம்பில் ஏறியது. அப்போதும் குழந்தை அழவில்லை. அந்த அழாமையைத்தானே காலை முழுதும் நலமென்று எண்ணியிருந்தேன்.

நான்கு மணிக்கு மகள் ஓடிவந்தாள். நானே குறிப்பேட்டை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அந்த ஒரு வரியை அவள் இருமுறை படித்தாள்.

"அவர் சொன்னத அப்படியே எழுதுங்கன்னுதானப்பா சொன்னேன்" என்றாள். குரலில் சினமே இல்லை. சினந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மருந்துநீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. மகள் மருத்துவரிடம் பேசப் போனபோது, கைக்குழாய் அசையாதபடி குழந்தையை என் மடியில் கிடத்திச் சென்றாள் செவிலி. பொழுது சாயும் வேளையில் என் வேட்டியில் வெதுவெதுப்பாக ஈரம் படர்ந்தது. முதலில் விளங்கவில்லை, பின் செவிலியைக் கூவி அழைத்தேன்.

அவள் வந்து பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணுக்குப் போயிட்டாளா? நல்லது தாத்தா. குடுங்க, நீங்க போய் வேட்டிய மாத்துங்க."

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றேன்.