ராயபுரம் முதல் எண்ணூர்ச் சாலை வரை, ஒரு சிக்கிமுக்கிக் கல்லுக்காக

சென்ற மாசி மாதம் ஒரு புதன்கிழமை, நான் ஒரு கல்லைத் தேடி ராயபுரத்துக்கும் அங்கிருந்து எண்ணூர்ச் சாலைக்கும் போய் வந்தேன். வேப்பேரியில் வீட்டோடு இருக்கவேண்டிய வயதில் துறைமுகத்துப் பக்கம் என்ன வேலை என்று என் மருமகள் கேட்டாள். வேலை இருந்தது. என் இடது கண்ணில் திரை விழுந்து இரண்டு வருஷமாகிறது. வலது கண்ணும் அடுத்த கோடைக்குள் மங்கிவிடும் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரே ஒரு கத்தி செய்து முடிக்கவேண்டும். அதற்கான கல் என்னிடம் இல்லை.

ஆதி மனிதர்கள் செய்ததைப் போலக் கல்லால் கல்லைத் தட்டி, சில்லு சில்லாகப் பெயர்த்து, கத்தியும் கோடரியும் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஊரில் ஐந்தாறு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. மற்றவர்கள் படித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் கணவர் சர்வே இலாகாவில் இருந்தார். பல்லாவரத்துச் செம்மண்ணில் பழைய கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்த நாளிலிருந்து அவருக்கு இந்தப் பைத்தியம். பிறகு எனக்கும். பெரிய சில்லுகளை அவர் அடித்து எடுப்பார். விளிம்பை மான் கொம்பால் அழுத்திக் கூராக்குவது என் பங்கு. ஒரு தையல் கோணினால் முழுவதையும் பிரிக்கச் சொல்லும் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். அந்த வேலை எனக்கு வந்தது. ஆனால் பல்லாவரத்துக் கல் சர்க்கரைக் கட்டி மாதிரிப் பொரபொரப்பானது. கோடரிக்குச் சரி. சீமைப் புத்தகத்தில் படம் போட்டிருந்த, வெற்றிலை போல மெல்லிய கத்தி அதில் வராது. அதற்குச் சிக்கிமுக்கிக் கல் வேண்டும். கண்ணாடி போல உடைகிற நல்ல கல். "ஒரு கல் கிடைக்கட்டும், காட்டுகிறேன்" என்பார். யுத்தத்தில் கப்பல் நின்றுபோனது. சீமையிலிருந்து வரவேண்டிய பார்சல் வரவேயில்லை. யுத்தம் முடிந்த வருஷம் அவர் போய்விட்டார். கத்தி என் பொறுப்பாயிற்று.

காலை ஏழு மணிக்கு டிராம் ஏறினேன். ராயபுரத்துக்கு இரண்டு அணா. மாதிரிக்கு அந்தப் பல்லாவரத்துக் கோடரியை, அவர் எப்போதும் சுற்றி வைக்கும் மஞ்சள் துணியிலேயே சுற்றி எடுத்துக்கொண்டேன். இறங்கிய இடத்தில் இருந்த பெட்டிக் கடையில், சிக்கிமுக்கிக் கல் இந்தப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன்.

"இங்கியே கீதும்மா. ஒண்ணா, பொட்டலமா?" என்று கடைக்காரர் அரிசி அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். சிகரெட் லைட்டருக்குள் போடும் கல்!

இது அல்ல, தேங்காய் அளவாவது இருக்கவேண்டும் என்றேன். அவர் பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, "தேங்கா சைஸுல லைட்டராம் மாமு. அம்மா வூட்டுல சுருட்டு எம்மாம் பெருசோ!" என்றார். நான் நகர்ந்துவிட்டேன். அதே போன்ற பொட்டலம் ஒன்று என் தையல் பெட்டியில் ஏற்கனவே இருக்கிறது. புகை பிடிக்காத என் கணவர் ஒரு மழை நாளில் சேற்றுக் காலோடு வந்து அதைக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "அந்தப் பக்கமெல்லாம் கேட்டால் இதுதான் கிடைக்கிறது" என்றார். இருவரும் சிரித்தோம்.

அந்தக் காலத்துக் கப்பல்கள் சரக்கு இல்லாதபோது ஆடாமல் இருக்கப் பாரத்துக்கு ஏற்றி வந்த சீமைக் கற்களைத் துறைமுகத்தில் கொட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கரையில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான படகுக்காரர், "அத்தெல்லாம் சண்டை டைம்லயே ஒடச்சி ரோட்டுல போட்டுட்டான். நீ நின்னுகினு இருக்கியே, அதுக்கு அடியில கீது" என்று என் காலைச் சுட்டிக்காட்டினார். தார்ச் சாலையைக் குனிந்து பார்த்தேன். என் கண்ணுக்குத் தார்தான் தெரிந்தது.

பழகுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ராயபுரத்துக் காயலான் கடைகளில் தடித்த சோடாப் புட்டிகளின் அடிப்பாகம் கிடைக்கும். பச்சைக் கண்ணாடி நன்றாகச் சில்லு விடும். உடைந்த பீங்கான் இன்சுலேட்டரும் கிடைக்கும். அது கைக்குக் கடினம். கண்ணாடியில் நான் நாற்பது கத்தி செய்திருக்கிறேன். அவை புட்டியில் செய்த கத்திகள், அவ்வளவுதான்.

பத்தரை மணிக்கு பஸ் பிடித்து, மூன்று அணா கொடுத்து, நாலு மைல் தள்ளித் திருவொற்றியூரில் இறங்கினேன். கடல் அரிப்புக்குப் போட்டிருக்கும் பாறைகளை வெயிலில் ஒரு மணி நேரம் பார்த்தேன். எல்லாம் கருங்கல். தட்டினால் சுத்தியல்தான் தேயும். திரும்பிவிடலாம் என்று பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது, மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியின் கூடையில், ஈரச் சாக்கு பறக்காமல் வைத்திருந்த கல் கண்ணில் பட்டது. வாத்து முட்டை வடிவம், சாம்பல் நிறம். ஒரு மூலையில் சின்னதாகத் தெறித்திருந்தது. தெறித்த இடம் கறுப்பாகப் பளபளத்தது.

குனிந்து கையில் எடுத்துப் பார்த்தேன். "இந்தக் கல்லை எங்கே எடுத்தாய் அம்மா?"

"மீன் வாங்க வந்தியா, கல்லு வாங்க வந்தியா ஆயா? இது குண்டுக் கல்லு. பீங்கான் கம்பெனிக்காரன் வெளியே கொட்டுவான். எங்க தெருவுல எல்லா வூட்லயும் கீது."

வழி சொன்னாள். அரை ரூபாய்க்கு வஞ்சிரத் துண்டுகள் வாங்கிக்கொண்டேன். ஒன்றும் வாங்காமல் வருவது மரியாதை இல்லை. எண்ணூர்ச் சாலையில் இரண்டு மைலுக்கு ஜட்கா. பன்னிரண்டு அணா கேட்டார், எட்டுக்கு வந்தார்.

அந்தக் கம்பெனியின் பெயர் வேண்டாம். கிண்ணம், ஜாடி செய்கிறார்கள். ஜாடிக்குப் பூசும் கலவையை இரும்புப் பீப்பாயில் போட்டு, கூடவே உருண்டைக் கற்களையும் போட்டுச் சுற்றவிடுவார்கள். கற்கள் உருண்டு உருண்டு கலவையை அரைக்கும். அந்தக் கற்கள்தான் இவை. வாசலில் என் வயதை நெருங்கிய காவல்காரர் ஒருவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாமா, யாரப் பாக்கணும்?"

"யாரையும் பார்க்கவேண்டாம். வெளியே கொட்டும் குண்டுக் கல்லில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா?"

"தாராளமா அள்ளிக்கினு போ. அத்த வச்சி இன்னா பண்ணப் போற டீச்சரம்மா?"

நான் டீச்சர் அல்ல என்று திருத்தினேன். பிறகு மஞ்சள் துணியைப் பிரித்துக் கோடரியைக் காட்டி, இதைப் போல ஒன்று செய்ய என்றேன். அவர் கோடரியைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார்.

"அட, இதே மாரி மஞ்சத் துணில ஒரு கல்லச் சுத்திக்கினு ஒரு தொர வந்தாரு. சண்டைக்கு முன்ன. நான் வேலைக்குப் புச்சு. நல்ல மழ. தொப்பில தண்ணி ஊத்துது, முட்டி வரைக்கும் சேறு. 'இங்கே சிக்கிமுக்கிக் கல் கிடைக்குமா'ன்னு பொஸ்தகம் படிக்கிற மாரி கேக்குறாரு. 'இன்னா நைனா, இது கம்பெனியா, பீடிக் கடையா'ன்னேன்!"

ஜட்காக்காரரும் சிரித்தார். காவல்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"மழ விடறவரைக்கும் உள்ள குந்த வச்சேன். அப்ப கப்பல்லேந்து குண்டுக் கல்லு மூட்ட மூட்டயா வரும். இதோ, இந்தச் செவுத்தாண்ட அடுக்கி வச்சிருந்தான். அதும்மேல குந்திகினு, 'மூட்டை ரொம்பக் குத்துகிறதே அப்பா, உள்ளே என்ன?'ன்னாரு. 'கம்பெனி சாமான், நோண்டாத நைனா'ன்னேன். அப்பறம் பொட்டிக் கடையக் கைகாட்டினேன். போயி லைட்டர் கல்லு ஒரு பொட்டலம் வாங்கியாந்து எங்கிட்ட காட்டிச் சிரிச்சாரு. தங்கமான மனுசன்."

"அந்த மூட்டைக் கற்கள் எவ்வளவு பெரிதாக இருக்கும்?" என்று கேட்டேன். வேறு எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

"புதுக் கல்லா? ஒவ்வொண்ணும் இம்மாம் பெருசு" என்று இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டினார். "இப்ப அது வர்றதில்ல. பீங்கான் உருண்டைக்கு மாறிட்டான். தேஞ்சதுதான் பின்னால கெடக்குது."

அவருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவர் அந்தக் கதையை இனிமேல் சிரித்துச் சொல்லமாட்டார்.

மதிற்சுவருக்குப் பின்னால் ஓடையோரம் குவியல் கிடந்தது. எலுமிச்சை அளவு, முட்டை அளவு, அதற்கு மேல் இல்லை. இருந்ததில் பெரியவையாகப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கினேன். மாலை ஐந்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். மீன் கெட்டுப்போயிருந்தது.

மறுநாள் காலை நல்ல வெளிச்சத்தில், புழக்கடையில் மடிமேல் தோலை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கணவர் அடிக்கவேண்டிய முதல் அடியை நானே அடித்தேன். கல் இரண்டாகப் பிளக்கவில்லை. கற்கண்டு நொறுங்குவது போல நொறுங்கியது. என் கைதான் தவறு என்று நினைத்தேன். அடுத்ததும் அப்படியே. உடைசலை வெயிலுக்கு நேரே பிடித்தபோதுதான் தெரிந்தது: பீப்பாய்க்குள் வருஷக் கணக்கில் ஒன்றையொன்று மோதி, ஒவ்வொரு கல்லுக்குள்ளும் வெளியே தெரியாத கீறல்கள் ஆயிரம் ஓடியிருக்கின்றன. கடைசிக் கல்லில் மட்டும் பெருவிரல் நீளத்துக்கு ஒரு சில்லு வந்தது. கறுப்பு, ஓரத்தில் தேன் நிறம், வெளிச்சம் ஊடுருவுகிற மெலிவு. அவர் சொன்ன கல் இதுவேதான். விளிம்பில் மான் கொம்பை வைத்து, நூல் இழுப்பதைப் போல மெதுவாகத்தான் அழுத்தினேன். நடுவில் முறிந்தது.

கத்தி இல்லை. இனி இருக்கப் போவதும் இல்லை. திரும்பத் தேடப் போவதற்குக் கண்ணும் இல்லை, அந்தக் கப்பலும் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். போகவர வண்டிச் சத்தம் எல்லாம் சேர்த்து இரண்டு ரூபாய்க்குள் முடியும். குடையும் தண்ணீரும் அவசியம். மழைக் காலத்தில் ஓடையோரம் சேறு முழங்கால் வரை வரும். தேய்ந்த கற்களுக்காக அத்தனை தூரம் போகவேண்டாம், அவை உதவாது. வேறு ஏதாவது கம்பெனியில் இன்னும் புதுக் கல் இறக்குமதி செய்கிறார்களா என்று விசாரியுங்கள். கீறல் விழாத ஒரு மூட்டை எங்காவது இருக்கலாம். விசாரிக்கும்போது குண்டுக் கல் என்று கேளுங்கள். சிக்கிமுக்கிக் கல் என்று கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். ஒருவரை அப்படி அனுப்பியிருக்கிறார்கள்.