கட்டிலருகே வைத்த சவள்

பிள்ளைகளே, நான் வாவிக்கரை ஆசுபத்திரியில் ஊழியனாக இருந்தபோது கண்ட ஒன்றை எழுதுகிறேன். எனக்கு மருந்துப் படிப்பு இல்லை. கண்டதைத்தான் சொல்வேன்.

வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து ஓர் இளம்பெண்ணை அவள் புருஷன் தோணியில் கொண்டுவந்தான். மூச்சு முட்டியது. விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பல நாளாக உட்கார்ந்தே இரவைப் போக்கினாளாம். உடம்பு ஓலையாய்க் காய்ந்திருந்தது. வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி ஐயா குழல் வைத்து நெஞ்சையும் முதுகையும் நெடுநேரம் கேட்டார். பழுதொன்றும் இல்லை.

"அப்ப நடிக்காளோ?" என்றாள் பக்கத்துக் கட்டில் கிழவி.

"நடிப்பில்லகா. மெய்யாத்தான் முட்டுது. பயத்திலயும் அப்பிடி முட்டும்," என்றார் ஐயா. நீங்களும் யாரையும் நடிப்பென்று ஏசிவிடாதீர்கள்.

ஐயா வாங்குப் பலகையில் அவளருகே அமர்ந்து, "என்ன மகள் பயம்?" என்று கேட்டார். வெளியே நோயாளர் காத்திருந்தார்கள், அவர் எழும்பவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் சொன்னாள். அவள் சிறுபிள்ளையாய் இருந்தபோது தாயை இங்கே விட்டுவிட்டுத் தோணி திரும்பியதாம். தாய் திரும்பவேயில்லை. "என்னையும் விட்டுட்டுப் போயிடுவாங்க..."

வாசலில் நின்ற புருஷன் கரைக்கு ஓடினான். தோணி வலிக்கும் சவளை ஈரம் சொட்டத் தூக்கிவந்தான்.

"இந்தா புள்ள, இத நீயே வெச்சிக்க. கையால தண்ணி வலிச்சா நான் போறது?"

"ஆளையும் கட்டிலோட கட்டிப்போடு மகள். ஆம்பிளைய நம்பேலாது!" என்றாள் கிழவி. அந்தப் பெண் சிரித்தாள்.

துடைத்த தரையில் சேற்றுத் தண்ணீர். நான் சவளை அப்புறப்படுத்தப் போனேன்.

"விடு மனே, கிடக்கட்டும்," என்றார் ஐயா.

அன்று பின்னேரம் சவளில் ஒரு கையை வைத்தபடி சற்றே சாய்ந்தாள். முழுதாகப் படுக்க மேலும் சில நாட்கள் சென்றன. என்ன செய்யப்போகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் ஐயா அவளைத் தொடுவார். விரல்கள் மெல்ல விரிந்தன.

வயல் வட்டையில் வெள்ளாமை வெட்டுத் தொடங்கியது. போகவேண்டும் என்று புருஷன் சொல்லமாட்டாமல் நின்றான். அவளே சவளை எடுத்து நீட்டினாள்.

"போங்க. வெட்டு முடிய வாங்க."

தோணி போன பிறகு மூச்சு மறுபடி முட்டியது. ஐயாவைக் கூப்பிட ஓடப்பார்த்தேன்.

"போகாதீங்க அண்ணே. இஞ்ச இரிங்க. கொஞ்சத்தில விடும்."

கட்டிலருகே உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு பொறுத்திருந்தாள். விட்டது. பிறகு கால்நீட்டிப் படுத்து உறங்கினாள்.